ரசாயனப் பயிற்சி: வகுப்பறையா, ஆன்லைனா, ட்ரம் பக்கத்திலேயா?

ரசாயனம் புழங்கும் எந்த இடத்திலும் பாதுகாப்பைக் கவனிப்பவர் முன்னால் இந்தக் கேள்வி அடிக்கடி வந்து நிற்கும்: தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும், எப்படிக் கொடுப்பது? வெளியாள் ஒருவரை அழைத்து எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்துவிடலாம். ரெடிமேடாக விற்கும் ஆன்லைன் பாடத்தை வாங்கி ஆளுக்கொரு லாகின் கொடுத்துவிடலாம். சின்னக் குழுக்களாகப் பிரித்து, வேலை நடக்கும் இடத்திலேயே, அவர்கள் தினமும் தொடும் ட்ரம்மையும் கேனையும் வைத்தே சொல்லித்தரலாம். ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் நின்றபடி பேசும் டூல்பாக்ஸ் டாக்கை நம்பியிருக்கலாம். அனுபவமுள்ள தொழிலாளர்களையே பயிற்சியாளர்கள் ஆக்கலாம். ஐந்துக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரத்திலும் பணத்திலும் பெரிய பங்கை வேலையிடத்துச் சிறுகுழுப் பயிற்சிக்குக் கொடுங்கள், அது மறக்காமல் இருக்க டூல்பாக்ஸ் டாக், அடிப்படைக்கும் பதிவேட்டுக்கும் ஆன்லைன் பாடம். பெரிய வகுப்பை அபூர்வமாக, ஒருசில விஷயங்களுக்கு மட்டும் வையுங்கள். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, எங்கே பொருந்தாது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் எடுக்கும் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று பார்த்தால் ஐந்து வழிகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் கேட்ட விஷயத்தை அப்போதே திருப்பிச் சொல்வது யாருக்கும் பெரிய வேலை இல்லை. பார்க்க வேண்டியது வேறு. ஒரு மாதம் கழித்து, பெரிய ட்ரம்மிலிருந்து சின்ன கேனில் ஊற்றிய, லேபிள் இல்லாத ஏதோ ஒரு திரவம் மேஜை ஓரத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த தொழிலாளி என்ன செய்கிறார்? மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாரா, அப்படியே பயன்படுத்துகிறாரா, இல்லை நிறுத்திக் கேட்கிறாரா? அந்த இடத்தில் சரியாக நடந்துகொள்ள எந்தப் பயிற்சி உதவுகிறதோ அதுதான் நல்ல பயிற்சி.

பாடம் என்னவோ எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ரசாயனங்களை ஆபத்துப்படி வகைப்படுத்தி லேபிள் இட ஐ.நா. 2003-ல் வெளியிட்ட ஜி.எச்.எஸ். முறைதான் இன்று பெரும்பாலான நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை: சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் 9 படக்குறிகள், ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’ என்று 2 சொற்கள், 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள், சுருக்கமாக எஸ்.டி.எஸ். இதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டமில்லை. இதை ஒருவர் தன் கையிலிருக்கும் தின்னரோடும் காஸ்டிக்கோடும் பொருத்திப் பார்ப்பதுதான் கஷ்டம்.

முதலில் வகுப்பறை. சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேர், மூன்று மணி நேரம், நூற்றுச்சொச்சம் ஸ்லைடு, கடைசியில் கையெழுத்து. இப்படி நடக்கும் வகுப்புகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், முன்வரிசை கேட்கும், பின்வரிசை போன் பார்க்கும், கேள்வி கேட்கும் நேரம் வரும்போது டீ வந்துவிடும். ஒரே நாளில் எல்லோருக்கும் முடிந்துவிடுகிறது, பதிவேடு தயார், ஆய்வாளர் வந்தால் காட்டலாம். நிர்வாகத்துக்குப் பிடிப்பது அதனால்தான். ஆனால் பெயின்ட் பிரிவில் இருப்பவருக்கும் கழிவுநீர்ப் பிரிவில் இருப்பவருக்கும் ஒரே பேச்சு என்றால் அது இருவருக்குமே பாதிதான் பொருந்தும்.

இருந்தாலும் வகுப்பை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத, வருடக்கணக்கில் வரும் பாதிப்புகளைப் பற்றிப் பேச அதுதான் சரியான இடம். பென்சீன் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதையோ, இரண்டு பாகப் பெயின்ட்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அதற்குப் பிறகு மிகக் குறைந்த அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பதையோ ட்ரம் பக்கத்தில் வைத்து நடித்துக் காட்ட முடியாது. உட்கார்ந்து, நிதானமாக, மருத்துவம் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும், இருபது பேருக்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஆன்லைன் பாடம். இன்று அதிகம் விற்பது இதுதான், நியாயமான காரணங்களும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே பார்த்துவிடலாம், அடுத்த வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட்காரருக்கும் பகல் ஷிஃப்ட்காரருக்கும் ஒரே உள்ளடக்கம் போய்ச் சேரும். பல மொழி பேசுபவர்கள் இருக்கும் இடத்தில் ஆளுக்கேற்ற மொழியைத் தேர்ந்தெடுக்க முடிவது பெரிய விஷயம், வகுப்பறையில் இது முடியவே முடியாது. யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்பதும் ஒரு பட்டனில் தெரிந்துவிடும்.

ஆனால் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போய், தவறான விடை வந்தால் மறுபடி முயன்று, நாற்பது நிமிடப் பாடத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துச் சான்றிதழ் வாங்குவதை எந்த மென்பொருளும் முழுக்கத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குறை, பாடம் பொதுவானது. படக்குறியையும் அதன் பெயரையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லும், நெருப்புப் படத்தை யார்தான் தப்பாக இணைப்பார்கள்? சிக்கல் வருவது மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், ஆச்சரியக்குறி, கேஸ் சிலிண்டர் மாதிரியான படங்களில்தான். அந்த மனித உருவம் நீண்டகால உடல்நலக் கேட்டைக் குறிக்கிறது, ஆனால் பார்த்தவுடன் அப்படித் தோன்றாது. மண்டையோட்டுப் படம் இல்லையே, பரவாயில்லை என்று நினைத்துவிடுவார்கள். உடனே ஆளைச் சாய்க்கும் நஞ்சுக்குத்தான் மண்டையோடு. புற்றுநோய் உண்டாக்கும் பொருளின் லேபிளில் அது இல்லாமலே இருக்கலாம்.

இன்னொன்று எண்கள். ஜி.எச்.எஸ். முறையில் வகை 1 என்றால் மிக மோசம், எண் ஏற ஏற ஆபத்து குறைவு. ஆனால் பல இடங்களில் தொட்டிகளிலும் கட்டடக் கதவுகளிலும் ஒட்டியிருக்கும் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என நாலு நிறச் சாய்சதுரம், அதாவது என்.எஃப்.பி.ஏ. 704 குறியீடு, நேர் தலைகீழ்: 0 என்றால் ஆபத்து இல்லை, 4 என்றால் உச்சம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் குழப்பம் நிச்சயம். உங்கள் இடத்தில் இரண்டும் இருக்கின்றனவா என்பது வெளியே தயாரான பாடத்துக்கு எப்படித் தெரியும்? அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவும் கணினிப் பயிற்சி மட்டும் போதாது, தொழிலாளி கேள்வி கேட்டுப் பதில் பெற விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எனவே ஆன்லைனை வாங்குங்கள், ஆனால் அதோடு பயிற்சி முடிந்தது என்று கணக்கு எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் வேலையிடத்துச் சிறுகுழு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டால் எல்லோரும் ‘நாங்களும் பிராக்டிகல்தான் எடுக்கிறோம்’ என்பார்கள், போய்ப் பார்த்தால் அதே ஸ்லைடைத் தளத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஏழெட்டுப் பேர். அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் ஒரு 200 லிட்டர் ட்ரம், உள்ளே டொலுவீன் என்ற கரைப்பான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் பேச ஆரம்பிக்காமல் லேபிளை ஒருவரைப் படிக்கச் சொல்கிறார். என்ன படம் இருக்கிறது, ஏன் இருக்கிறது? எஸ்.டி.எஸ். தாளின் 9-ம் பகுதியில் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது பற்றக்கூடிய அளவு ஆவி வர ஆரம்பிக்கும் வெப்பநிலை, சுமார் 4 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறது, அப்படியென்றால் இந்த அறையில் இப்போதே, சூடாக்காமலே, பொறி பட்டால் பற்றும் அளவு ஆவி வந்துகொண்டிருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக நகரும், பள்ளத்தில் தேங்கும். சரி, இந்த அறையில் பள்ளம் எங்கே இருக்கிறது? எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கேதான் மோட்டார் இருக்கிறது. இந்த ஒரு நிமிடத்தை எந்த ஸ்லைடும் தராது. அடுத்து, சின்ன உலோக கேனில் ஊற்றும்போது நிலைமின்சாரப் பொறி வராமலிருக்க ட்ரம்மையும் கேனையும் ஒயரால் இணைப்பதை ஒவ்வொருவரும் கையால் செய்து காட்ட வேண்டும். ஊற்றி முடித்ததும் கேனில் லேபிள் ஒட்டுவதும் அதே மூச்சில், தனிப் பாடமாக அல்ல.

பிறகு கண் கழுவும் குழாய். அமெரிக்கத் தரமான ஏ.என்.எஸ்.ஐ. இசட்358.1, அது ஏறக்குறைய 10 வினாடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும், 15 நிமிடம் தொடர்ந்து கழுவும் அளவு தண்ணீர் வர வேண்டும் என்கிறது. ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் துணைக்கு நடக்கட்டும். பாதி வழியில் பேலட் மோதும், இல்லை கைப்பிடி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பயிற்சியோடு சேர்த்து வேலையிடத்தின் ஓட்டையும் வெளியே வந்துவிடுகிறது, அதனாலேயே சில நிர்வாகங்களுக்கு இந்த முறை பிடிப்பதில்லை என்பது என் சந்தேகம்.

கையுறைக்கும் இதே கதைதான். கையுறை மேல் ஷேவிங் நுரையைத் தடவிவிட்டு, தோலில் படாமல் கழற்றச் சொன்னால் முதல் முறை மணிக்கட்டில் நுரை ஒட்டாதவர்கள் குறைவு. பொதுப் பாடம் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று நிறுத்திக்கொள்ளும். தகுந்தது எது? நைட்ரைல் பல எண்ணெய்களுக்கு நன்றாகத் தாங்கும், அசிட்டோனுக்குத் தாங்காது, அதற்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டும். பெயின்ட் உரிக்கப் பயன்படும் டைகுளோரோமீத்தேன் மெல்லிய நைட்ரைலை ஓரிரு நிமிடத்திலேயே கடந்துவிடும். கையுறையைத் தப்பாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் 1996-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்தது. நச்சு உலோகங்களில் நிபுணரான கேரன் வெட்டர்ஹான் லேடெக்ஸ் கையுறை போட்டு வேலை செய்தபோது டைமீத்தைல் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் அதன்மேல் சிந்தின. அன்றைய நடைமுறைப்படி அவர் எதையும் மீறவில்லை. 1997 ஜூனில் இறந்துபோனார். அந்தச் சிந்தலுக்குப் பிறகுதான் அந்தப் பொருள் அந்தக் கையுறையைச் சில வினாடிகளில் ஊடுருவிவிடும் என்பதைச் சோதித்து உறுதிசெய்தார்கள். ஆகவே ‘கிளவுஸ் போடுங்கள்’ என்பது பயிற்சி ஆகாது. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை, எத்தனை நேரம் என்று சொல்வதுதான் பயிற்சி. மாஸ்க்கும் அப்படித்தான்: தூசுக்கான என்95 கரைப்பான் ஆவியைத் தடுக்காது, ஆனால் மூக்கை ஏதோ மூடியிருக்கிறது என்ற தைரியத்தை மட்டும் கொடுத்துவிடும்.

சிறுகுழு முறைக்குக் குறை இல்லையா? நிறைய. உற்பத்தி நிற்கும், அதுவும் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக. பயிற்சியாளர் உண்மையாகவே விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும், முன்னதாக வந்து உங்கள் ரசாயனப் பட்டியலைப் படித்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தரம் மாறும். நாலு ஷிஃப்ட் இருக்கும் இடத்தில் அட்டவணை போடுவதே தலைவலி. இவ்வளவு தெரிந்தும் இதைத்தான் சொல்கிறேன் என்றால் அது என் விருப்பம் மட்டுமில்லை. 2006-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த் இதழில், 95 ஆய்வுகளையும் ஏறக்குறைய 21,000 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. தொழிலாளி எவ்வளவுக்கு எவ்வளவு கையால் செய்து, பேசி, பங்கெடுத்துக் கற்கிறாரோ அவ்வளவுக்கு அறிவும் கூடுகிறது, விபத்தும் நோயும் காயமும் குறைகின்றன என்று அதில் தெரிந்தது. ஆனால் 2012-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இன்னும் எச்சரிக்கையாகப் பேசியது: பயிற்சி தொழிலாளியின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு, காயத்தையும் நோயையும் குறைக்கிறது என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், செய்முறைப் பயிற்சி மற்றவற்றைவிட மேல், ஆனால் பயிற்சியால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆபத்தான கரைப்பானை மாற்றிவிட முடியும், காற்றுறிஞ்சி போட முடியும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பயிற்சிக்கான காசை அதில் போட்டாலும் தப்பில்லை.

டூல்பாக்ஸ் டாக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடம், ஒரு பொருள் அல்லது ஒரே ஒரு விஷயம், நேற்று நடக்கவிருந்து தப்பிய சம்பவம் இருந்தால் இன்னும் நல்லது. உதாரணமாக கழிவுநீர்த் தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு: அழுகிய முட்டை நாற்றம் வரும்வரை இருக்கிறது என்று தெரியும், ஆனால் 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ‘வாடை போய்விட்டது, உள்ளே இறங்கலாம்’ என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்லும். இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும், அதற்குப் பிறகு யாரும் மறக்க மாட்டார்கள். கெட்டுப்போவது எங்கே என்றால், சூப்பர்வைசர் அச்சடித்த தாளை இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கும்போது. இதை முதல் பயிற்சிக்குப் பதிலாக வைக்கவே கூடாது, முதல் பயிற்சி கரையாமல் பிடித்து வைக்கத்தான் இது.

தொழிலாளிகளே பயிற்சியாளர்களாக இருப்பது ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்துக்கும், பல மொழிகள் புழங்கும் இடத்துக்கும் அருமையான வழி. சேஃப்டி ஆபீசரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பக்கத்து மெஷின்காரரிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள். ஆனால் அவர் தன் அனுபவத்தோடு தன் குறுக்குவழியையும் சேர்த்தே சொல்லித்தருவார். ‘ஒன்றும் ஆகாது, நான் இருபது வருஷமா இப்படித்தான் கை கழுவுறேன்’ என்று தின்னரில் கையை அலசுபவரைப் பயிற்சியாளராக்கினால் அவ்வளவுதான். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், முதல் சில முறை கூடவே நில்லுங்கள்.

மெய்நிகர் கண்ணாடி மாட்டிச் செய்யும் வி.ஆர். பயிற்சியையும் கேட்பீர்கள். தீ, கசிவு மாதிரி நிஜத்தில் நடத்திப் பார்க்க முடியாதவற்றுக்கு நல்லது. லேபிள் படிக்க அது எதற்கு? உண்மையான லேபிள் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

என் பரிந்துரை பொருந்தாத இடங்களுக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கான பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும் ஆய்வகத்தில் ஒவ்வொன்றுக்கும் சிறுகுழு நடத்துவது நடக்காத காரியம், அங்கே எஸ்.டி.எஸ். தாளை எடுத்துத் தானே படிக்கும் பழக்கத்தை உண்டாக்கும் பயிற்சிதான் தேவை. எந்தக் கேள்விக்கு எந்தப் பகுதி என்று கை தானாகப் போக வேண்டும்: ஆபத்து 2, முதலுதவி 4, சிந்தினால் 6, கையுறையும் மாஸ்க்கும் 8, எதோடு சேர்க்கக்கூடாது 10. மூடிய பேக்கிங்கை மட்டும் தூக்கி வைக்கும் கிடங்கில் ஆன்லைன் பாடமும் ஒரு கசிவு ஒத்திகையும் கிட்டத்தட்டப் போதும். தினமும் ஆள் மாறும் கட்டுமானத் தளத்தில் நீளமான எதுவும் ஓடாது, நுழையும்போது இருபது நிமிடச் செய்முறை, பிறகு தினசரி டூல்பாக்ஸ் டாக்.

எல்லாத் திட்டத்திலும் விட்டுப்போகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எல்லோரும் போன பிறகு வருவார்கள், பயிற்சிப் பட்டியலில் பேர் இருக்காது. ப்ளீச்சையும் ஆசிட் கலந்த கிளீனரையும் ஒரே பக்கெட்டில் ஊற்றினால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோராமின் வரும், இரண்டும் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இவர்களுக்கு ஆன்லைன் பாடம் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. அவர்கள் வரும் நேரத்துக்கு நீங்கள் போய், அவர்கள் தள்ளும் வண்டியில் இருக்கும் பாட்டில்களை எடுத்து வைத்துப் பேசுங்கள், அரை மணி நேரம் போதும்.

வெளியாளிடம் பயிற்சி வாங்குவதாக இருந்தால் விலை கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் ரசாயனப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்ப்பீர்களா? ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் தொழிலாளர்களின் கையில் ஏதாவது இருக்கும்? முதல் கேள்விக்கே ‘அது தேவையில்லை சார், எங்கள் பாடம் எல்லா இடத்துக்கும் பொருந்தும்’ என்று பதில் வந்தால் அடுத்தவரைக் கூப்பிடலாம்.

பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், தளத்தில் ஒரு சுற்று போங்கள். யாரிடமும் தாளைக் கொடுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். அவர் கையில் இருக்கும் கேனைக் காட்டி, இது என்ன, உங்களை என்ன செய்யும், கண்ணில் பட்டால் எங்கே ஓடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவர்கள் ஒரே பிரிவில் குவிந்திருந்தால் அந்தப் பிரிவுக்கு மட்டும் திரும்ப நடத்துங்கள், பரவலாக இருந்தால் பயிற்சி முறையையே மாற்றுங்கள். புதிய ரசாயனம் ஒன்று உள்ளே வந்தாலோ, பழையதையே வேறு கம்பெனியிடம் வாங்க ஆரம்பித்தாலோ ஆண்டுப் பயிற்சிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அந்த எஸ்.டி.எஸ். தாளை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போக வேண்டும். அதன் 8-ம் பகுதியில் வெறுமனே ‘தகுந்த கையுறை’ என்று போட்டிருந்தால், முதலில் விற்றவருக்கு போன் போட்டு எந்தக் கையுறை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.